பீரோவுக்கு வந்த தண்ணீர்

குறுவைக் கொள்முதல் தொடங்கிய ஒன்பதாம் நாள் நாகநாதன் வீட்டு இரும்பு பீரோவிலிருந்து மூன்று குடம் தண்ணீர் வடிந்தது. கூரை ஒழுகவில்லை, சுவரில் ஓதம் இல்லை, அந்தப் பக்கம் குழாயும் கிடையாது. தண்ணீரில் புதுநெல் வாசனை அடித்தது. அவர் மனைவி ஞானாம்பாள் அதை வீணாக்காமல் வாழைக்கு ஊற்றினாள்.

நாகநாதன் கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பவர். குவியலில் ஒரு பிடி அள்ளி மீட்டரில் போடுவார். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வார், மேலே போனால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார். கை சுத்தமானவர் என்று பெயர். அந்தப் பெயரை ஊரைவிட அவரே அதிகம் நம்பினார். காசு தொடமாட்டார். பழைய தபால் உறை வாங்கிக்கொள்வார். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறியவர்களின் வீட்டுப் பரண்களில் அந்தக் காகிதம் கேட்பாரற்றுக் கிடந்தது. அஹமது கபீர் தன் பாட்டனார் சைகோனிலிருந்து போட்ட உறையை நீட்டிய அன்று, மீட்டர் காட்டிய இருபத்திரண்டை நாகநாதன் பதினேழு என்று எழுதினார். நெல் அந்த நிமிடமே காய்ந்து சலசலத்தது. மிச்சம் ஐந்து சதவீதம் எங்காவது போயாக வேண்டுமல்லவா. அது வழி விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனது.

ஏழு வருடமாக அது பீரோவில் அடுக்கியிருந்த உறைகளில் பழுப்பும் பூஞ்சையுமாகத்தான் வந்தது. ஆற்றுப்பாசன ஊர் என்றால் இப்படித்தான் என்று அவர் காவிரியைக் குறை சொன்னார். இந்த வருடம் அறுப்பு மழையில் மாட்டியது. ஆளாளுக்கு ஓர் உறையோடு வந்தார்கள். ஈரம் குடக்கணக்கில் வந்தது.

முந்நூற்றுப் பன்னிரண்டு உறைகள். ஓய்வு பெற்றதும் திருவாரூரில் கண்காட்சி வைத்து, தன்னை நாலு பேர் அறிஞர் என்று அழைக்கக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்பது அவர் திட்டம். அந்துருண்டை போட்டார். செருப்புக்கடையில் கெஞ்சிச் சிலிக்கா பொட்டலங்கள் வாங்கி வந்தார். பீரோவுக்குள் நாற்பது வாட் பல்பு தொங்கவிட்டார். அப்படியும் தபால்தலைகளிலிருந்த ராஜாக்கள் உறையைவிட்டுக் கழன்று ஒன்றன் முதுகில் ஒன்று ஒட்டிக்கொண்டன.

“ஊர் நெல்லையெல்லாம் பேனாவாலயே காயவைக்கிறீங்க. உங்க குப்பையை மட்டும் காயவைக்கத் தெரியலையா?” என்றாள் ஞானாம்பாள்.

நன்றாகக் காய்ந்த நெல் ஈரத்தை இழுக்கும் என்பது டெல்டாவில் பிறந்த எவனுக்கும் தெரியும். அந்த வட்டாரத்திலேயே நன்றாகக் காய்ந்த நெல் வேம்புவுடையது. ஒன்றரை ஏக்கர் குத்தகைக்காரி. கிடைத்த வெயிலையெல்லாம் விடாமல் தார்ரோட்டில் பரப்பி, நாலு நாள் காலால் கிளறிக் காயவைத்திருந்தாள். நாகநாதன் அவள் குவியலில் இரண்டு படி அள்ளிப் பையில் போட்டார்.

“சாம்பிள் ஒரு பிடிதானே சார்? மெசினுக்கு இன்னிக்கு அவ்வளவு பசியா?”

“இந்த வருசம் ரூல் அப்படி. நாளைக்கு வா, எடுத்துக்கறேன்.”

அந்த நெல்லை உறைகளுக்கு நடுவே பரப்பினார். போதவில்லை. அப்போதுதான் அவருக்கு மூளை வேலை செய்தது. குறைத்து எழுதினால் தண்ணீர் வருகிறது. கூட்டி எழுதினால் போய்விடும். யார் தலையில் எழுதுவது என்று அவர் அதிகம் யோசிக்கவில்லை. உறை தராதவள் ஒருத்திதான்.

மறுநாள் வேம்புவின் நெல்லுக்கு மீட்டர் பதினாறு காட்டியது. அவர் இருபத்தைந்து என்று எழுதி, திரும்பக் காயவைக்கச் சொன்னார்.

“எல்லாரும் கடுதாசி குடுக்கறாங்கன்னு தெரியும் சார். எங்க பாட்டனுக்கு யாரு கடுதாசி போட்டா? வரப்புல நின்னு கூப்பிடுவாங்க, அவ்வளவுதான்” என்றாள் வேம்பு. குவியலைத் தார்ப்பாயால் மூடிவிட்டுப் போனாள்.

தண்ணீர் சொன்னபடி கேட்டது. காகிதத்தை விட்டு இறங்கி வேம்புவின் நெல்லைத் தேடியது. அவள் குவியல் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடந்தது. அவள் நெல் இரண்டு படி பீரோவுக்குள்ளேயே இருந்தது. கிட்ட இருப்பதை விட்டுவிட்டு எட்டப் போக அதற்கென்ன பைத்தியமா. ஏழு வருடத்து ஈரமும் அந்த இரண்டு படியில் இறங்கியது. மூன்றாம் நாள் ஒரு சாண் நாற்று பீரோக் கதவைத் தள்ளித் திறந்தது. ரங்கூனையும் சைகோனையும் வேர்கள் ஒரே பாயாகப் பின்னியிருந்தன.

சேதி கேட்டு வேம்பு வந்தாள். களத்தில் அவள் குவியலில் ஈரம் பட்டிருக்கவில்லை. குனிந்து பார்த்தாள். “நாத்து நல்லா வந்திருக்கு. நெல்லு என்னுது, எடுத்துக்கறேன்.”

“வேரைக் கழுவி உறையையாவது குடுத்துட்டுப் போ” என்றார் நாகநாதன். அழுதுவிடுவார் போலிருந்தது.

“வேரு அறுந்தா நடவு பிடிக்காது சார். அதோட என் குவியலுக்கு உள்ளதை எழுதிடுங்க.”

“பூராவும் எடுத்துக்கிட்டுப் போம்மா. எனக்குச் சேலை வைக்க இடமாச்சு” என்றாள் ஞானாம்பாள்.

அன்று மதியம் அவர் பதினாறு என்று எழுதினார். பீரோ காலியானவருக்கு நேர்மை சுலபமாக வந்தது.

வேம்பு அதை அரை ஏக்கரில் நட்டு மாசியில் அறுத்தாள். ஒவ்வொரு நெல்லிலும் வட்டமாக ஒரு தபால் முத்திரை, சிலவற்றில் ராஜாவின் காது. நிலையத்துக்கு அது வந்தபோது நாகநாதன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மீட்டர் பதினாறு காட்டியது. பதினாறு என்று எழுதினார். கை அந்த ஒரு பிடியைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனது.

“சாம்பிளை மூட்டையிலயே போட்டுடுங்க சார்” என்றாள் வேம்பு.

போட்டார். அந்த நெல் அரைபட்டுப் பேராவூரணிப் பக்கம் ரேஷனுக்குப் போனது. சோற்றில் லேசாகப் பசை வாசனை வந்ததாம். மற்றபடி போன மாதத்து அரிசிக்கு இது தேவலை என்றார்கள்.