ஈகைதான் மையக் கருத்து

ஸ்ஃபாக்ஸ் நகரப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்புக்கு அரபிப் பாடம் எடுத்த ரவ்தா, பிள்ளைகளை எதையும் ஒப்பிக்கச் சொல்வதில்லை. "எழுதினவர் என்ன சொன்னார்னு மட்டும் பாக்காதீங்க, எதைச் சொல்லாம விட்டார்னும் பாருங்க" என்பாள்.

ஒருநாள் பள்ளி ஆய்வாளர் வந்து, தானே கொண்டுவந்த பத்தியைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கவைத்தார். அதில், ஒலிவத்தோப்பு முதலாளி ஒருவர், களைத்துப்போன கூலியாட்களுக்கு அன்று பேரீச்சம்பழம் கொடுத்து ஓய்வும் தந்தார். அவர்கள் பாடிக்கொண்டே வீடு திரும்பினார்கள்.

"இதோட மையக் கருத்து என்ன?"

யுஸ்ர் என்ற சிறுமி எழுந்தாள். "சார், 'அன்று' ஓய்வு தந்தார்னு போட்டிருக்கு. அப்ப மத்த நாள்ல தரலையா?"

"முதலாளி காதுல விழணும்னுதான் பாடியிருப்பாங்க சார்" என்றது பின்பெஞ்சு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ரவ்தாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆய்வாளருக்கோ முகம் கடுகடுத்தது.

"ஈகை! இந்த ஒரு சொல் உங்க பிள்ளைங்க வாயில வரலியே, மேடம்" என்றவர், 'வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் போதாது' என்று குறித்துக்கொண்டார்.

இடைவேளையில் சேதி பரவிவிட்டது. அடுத்து, இன்னொரு ஆசிரியரான லஸ்ஸாதின் வகுப்பு. ஆய்வாளர் தாளைப் பிரிப்பதற்குள் வகுப்பு முழுவதும் "ஈகை!" என்று கத்தியது.

"பாத்தீங்களா, இதுக்குப் பேர்தான் முன்கூட்டியே ஊகிக்கிறது!" என்று பூரித்துப்போனார் அவர். மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பு லஸ்ஸாதுக்குக் கிடைத்தது.

லஸ்ஸாத் ரவ்தாவைவிட இளையவன், சூதுவாது தெரியாதவன். அன்று சாயங்காலமே அவளைத் தேடி வந்தான்.

"அக்கா, சிரிக்காதீங்க. ஊகிக்கிறதுன்னா எப்படி?"

"என் வயித்தெரிச்சலைக் கிளப்பவா வந்தே?" என்றாளே தவிர, காப்பிக்கடையில் உட்காரவைத்துத் தினமும் சொல்லிக்கொடுத்தாள். அவனும் கற்பூரமாய்ப் பற்றிக்கொண்டான். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் நோண்ட ஆரம்பித்தான்.

"'இன்று புது மீன்'னு எழுதி வச்சிருக்கான் அக்கா. அப்ப நேத்து எதை வித்தான்?"

பயிற்சியின் தொடக்கத்தில் ஆய்வாளர் உரையாற்றினார். "இந்த வருஷம் ஆசிரியர்களோட கருத்தையும் கேக்கப்போறோம்."

லஸ்ஸாதின் கை தானாக உயர்ந்தது. "ஐயா, அப்ப இத்தனை வருஷமா கேக்கலையா?"

மதியச் சாப்பாட்டுக்குள் வேறொருவர் பயிற்சியாளராகிவிட்டார். லஸ்ஸாத், ரவ்தா உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்கு வந்தான்.

"உங்களாலதான் அக்கா எனக்கு இந்த கதி."

அவன் குரலில் வருத்தம் இருந்ததாக ரவ்தாவுக்குப் படவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்கு இடம் கொடுத்தாள்.