ஏழாம் மேஜைக்கு வாய்க்கரிசி

ஏழாம் மேஜை அம்மாவின் வாயில் அரிசி போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

என் பெயர் ரூபினி. ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்திலிருந்து டாக்டருக்குப் படிக்கப் போகும் முதல் ஆள் என்று பேனரெல்லாம் கட்டினார்கள். அந்தப் பேனர் வெளுப்பதற்குள் அனாடமி கூடத்தில் என் வண்டவாளம் வெளியே வந்துவிட்டது. உடல் தானம் செய்த ஓர் அம்மாவை எங்கள் எட்டுப் பேருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பெயர் கிடையாது, மேஜை எண் மட்டும்தான். கத்தியை எடுத்தாலே எனக்குக் கை நடுங்கியது. கூடப் படிக்கும் சுனில் பெரிய மனுஷன் மாதிரி, இதை ஆளாகப் பார்க்காதே, அப்போதுதான் டாக்டராக முடியும் என்று புத்தி சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சந்தில் யார் செத்தாலும் ஆளாளுக்கு வாய்க்கரிசி போட்டுத்தான் அனுப்புவோம். இந்த அம்மாவுக்கு யாராவது போட்டார்களா இல்லையா? அது தெரியாமல் இவர் மேல் எப்படிக் கத்தி வைப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை வீட்டு டப்பாவிலிருந்து கொஞ்சம் பச்சரிசியைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கையுறையோடு போட மனசு வரவில்லை. கழற்றி வைத்துவிட்டு, லேசாகத் திறந்திருந்த உதடுகளுக்கு நடுவே மூன்று தரம் போட்டேன். நல்லபடியாகப் போய்ச் சேருங்கம்மா என்று மெதுவாகச் சொன்னேன். அன்று மதியம் கத்தி என் கையில் ஆடவில்லை. அதற்குப் பிறகு, நரம்பு அறுபடாமல் பிரிக்க வேண்டுமென்றால் ரூபினியைக் கூப்பிடு என்று எங்கள் மேஜையிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள்.

தலையும் கழுத்தும் கடைசியில்தான் வரும். எட்டு மாதம் கழித்து அந்த அம்மாவின் வாயைப் பிரித்தபோது, போட்ட அரிசி போட்டபடி கிடந்தது. பேராசிரியர் சிந்தியா மேடம் யார் வேலை இது என்று கேட்டார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். தானமாக வந்த உடலிடம் விளையாட்டு காட்டினால் சீட்டே போய்விடும் என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். கூடத்துச் சாவி அட்டெண்டர் உத்தமனிடம் இருக்கும். அதனால் பழி அவர் மேல் விழுந்தது. சாயங்காலம் அவர் கையில் மெமோவோடு வாசலில் நிற்பதைப் பார்த்தேன். பாவி, இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாயே என்று என்னையே திட்டிக்கொண்டு நேராக மேடம் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. உத்தமனின் மெமோவை வாங்கிக் கிழித்துவிட்டு, ஒரு புதுத் தாளில் என் பெயரை எழுதினார். அனுமதியில்லாமல் உடலுக்குள் ஒரு பொருளை வைத்தது முதல் குற்றம். கூடத்துக்குள் கையுறையைக் கழற்றியது இரண்டாவது. குடும்பத்துக்குச் சொல்லாமல் மறைக்க முடியாது, அவர்கள் புகார் கொடுத்தால் தன்னால் என்னைக் காப்பாற்ற முடியாது என்றார். அடுத்த மூன்று நாளும் வீட்டில் யார் முகத்தையும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த அம்மாவுக்கு நான் என்ன உறவு, எந்த உரிமையில் போட்டேன்?

திங்கள்கிழமை அந்த அம்மாவின் மகன் ஆனேக்கல்லிலிருந்து வந்தார். பச்சைமுத்து என்று பெயர், லாரி டிரைவர், ஐம்பது வயதிருக்கும். மேடம் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தினி தரம் போட்டே?"

"மூணு தரங்க."

"கையில அந்த உறை போட்டுக்கினா?"

மேடத்தின் மேஜையில் அந்தத் தாள் இருந்தது. இரண்டாவது குற்றம் என் கண்ணில் பட்டது. வருவது வரட்டும் என்று நினைத்தேன்.

"இல்லீங்க. கழட்டிட்டு, வெறுங்கையாலதான் போட்டேன்."

மனிதர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை போல அழுதார். அம்மா இறந்தபோது அவர் லாரியோடு குஜராத்தில் இருந்தாராம். மகன்தான் முதலில் போடவேண்டும் என்று தங்கை அரிசித்தட்டோடு காத்திருந்தாளாம். அதற்குள் கல்லூரி வண்டி வந்துவிட்டது, யாருமே போடாமல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருஷமாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஞாபகம்தான் வருகிறது என்றார்.

"பெத்த புள்ள நான் போடல. நீ போட்டிருக்கேம்மா."

என் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புகார் எதுவும் இல்லை என்று மேடத்திடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போகும்போது அம்மாவின் பெயரையும் சொன்னார். அப்பாடா என்று அங்கேயே சுவரில் சாய்ந்துகொண்டேன், எட்டு மாதத்துப் பாரம் இறங்கியது. மேடம் முதல் குற்றத்தை அடித்துவிட்டார். இரண்டாவதை அடிக்கவில்லை, அது நியாயம்தான்.

மறுநாள் இரண்டு கையுறைகளையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டு ஏழாம் மேஜைக்குப் போனேன். "முத்தம்மா, ஆரம்பிக்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தேன். சுனில் என்னைப் பார்த்தான். அப்புறம் அவனும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கத்தியைத் தொட்டான்.