கீசரில் குளிர்ந்த கணினி

1

இந்தக் கதை எனக்குக் குளியலறையில் கிடைத்தது. மற்ற எழுத்தாளர்களுக்கு ஆற்றங்கரையிலும் மலையுச்சியிலும் கதை கிடைக்கிறதாம். எனக்கு ஈராக்கின் பஸ்ராவில், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், தலை நிறைய ஷாம்பு நுரையோடு நிற்கும்போது கிடைத்தது. சிவப்புப் புள்ளி வைத்த குழாயைத் திறந்தேன். வெந்நீர் வந்தது.

வெந்நீர்க் குழாயில் வெந்நீர் வந்தால் அதில் என்ன கதை என்பீர்கள். ஆகஸ்டில் எங்கள் ஊர் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். நீலப் புள்ளிக் குழாயைத் திறந்தால் தோல் உரியும். கீசரை மே மாதமே அணைத்துவிடுவோம். வீட்டுக்குள் நிழலில் கிடக்கும் அந்தக் கீசர் தண்ணீர்தான் வீட்டிலேயே குளிர்ந்த தண்ணீர். ஆகவே கோடை முழுக்க எல்லோரும் சிவப்புக் குழாயில்தான் குளிக்கிறோம். இது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தக் குழாயில் வெந்நீர் வந்தால் வீட்டில் யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று பொருள்.

நான் மாடியில் குடியிருப்பவள்; மேலுக்கும் கீழுக்கும் ஒரே கீசர்தான். கீழே வீட்டுக்காரர் அபூ லைத்தும் (லைத்தின் அப்பா என்று பொருள்; இங்கே மூத்த மகன் பெயரால்தான் அழைப்பார்கள்) அதே நேரத்தில் குளித்துக்கொண்டிருந்தார். அவர் குரல் குழாய் வழியாகவே மேலே வந்தது.

"என் குளியல் தண்ணியில யாரு டீ போடுறது?"

கதை தொடங்கிவிட்டது. எனக்கு இன்னும் நுரை போகவில்லை.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சி செய்தேன். மறைக்காமல் காட்டிவிடுகிறேன்.

"நிப்ராஸின் கண்களில் ஆயிரம் கனவுகள் மின்" — இல்லை. நான் தினமும் பார்க்கும் கண்கள் அவை. அவற்றில் இருப்பது தூக்கமின்மை.

"ஐம்பது டிகிரி வெயிலில் ஈச்ச மரங்கள் தலை குனிந்து" — ஈச்ச மரத்துக்கு இந்தக் கதையில் ஒரு வேலையும் கிடையாது. போகட்டும்.

"பணம் இல்லாத ஒரு பெண் தன் கணினிக்குக் குளிர்நீர் ஓட்ட முடிவு செய்தாள்." இது பரவாயில்லை. அலங்காரம் இல்லை, உண்மை இருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

நிப்ராஸ், அபூ லைத்தின் மகள். கட்டடக் கலை படித்தவள். ஒரு ஒப்பந்தக்காரர் அலுவலகத்தில் நான்கு வருடம் வரைபடம் போட்டாள். அவள் வரைவாள், இன்னொருவர் கையெழுத்துப் போடுவார், டீயையும் அவளே ஊற்றுவாள். ஒரு நாள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது ஜோர்டானின் அம்மான் நகரில் இருக்கும் ஒரு நிறுவனம் அவளுக்குத் தேர்வு வைத்திருக்கிறது. இன்னும் கட்டப்படாத ஒரு கட்டடத்துக்குள் நாம் நடந்து போவது போல மூன்று நிமிடப் படம் செய்து சனிக்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை, மாதச் சம்பளம். இல்லையென்றால் ஞாயிறு காலை பழைய அலுவலகம். அந்த ஒப்பந்தக்காரர் போன் செய்து, "உன் நாற்காலி காலியாத்தான்மா இருக்கு" என்றிருந்தார். டீத் தட்டும் காலியாகத்தான் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

சிக்கல் கணினியில். படத்தை அது கட்டம் கட்டமாகச் செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும். ஆனால் அவள் அறையில் அது பத்து நிமிடத்தில் சூடாகி அணைந்துவிடும். உள்ளே இருக்கும் விசிறி அறையின் அனல் காற்றையே எடுத்து அதன் தலையில் ஊதும். ஏசி கூடத்தில் மட்டும்தான். அரசாங்க மின்சாரம் போகும்போது ஓடும் தெரு ஜெனரேட்டரில் இந்த வீட்டுக்கு வாங்கியிருக்கும் மின்சாரத்தில் இரண்டாவது ஏசிக்கு இடமில்லை.

3

(இந்தப் பகுதியில் தொழில்நுட்பம் வருகிறது. தாண்டிப் போக நினைப்பவர்கள் போகலாம். ஊறுகாய் ஜாடியைத் தவறவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.)

கணினிக்குத் தண்ணீர் ஓட்டுவது பெரிய வித்தையில்லை. சூடாகும் சில்லின் (சிப்பின்) மேல் ஒரு செம்புக் கட்டியை வைத்து இறுக்க வேண்டும். அதற்குள் தண்ணீர் ஓட வேண்டும். ஓட்டுவதற்குப் பம்பு, சூடானதை ஆற வைக்க ஒரு இடம். கடையில் முழு செட்டின் விலையைக் கேட்ட நிப்ராஸ் நன்றி சொல்லி போனை வைத்தாள். செம்புக் கட்டியை மட்டும் பாக்தாதிலிருந்து பழையதாக வரவழைத்தாள். மீதியெல்லாம் வீட்டிலிருந்து திருடியவை.

"யும்மா, அடுப்படி ஏர் கூலர் பம்பைக் கொஞ்சம் எடுத்துக்கறேன்."

"கொஞ்சம்னா? பாதிப் பம்பா எடுப்பே?" லைத்தின் அம்மா, அதாவது உம்மு லைத், திரும்பிப் பார்க்கவில்லை.

"சனிக்கிழமை திருப்பிக் குடுத்துடுவேன்."

"அதுவரைக்கும் நான் அடுப்பு முன்னாடி நின்னு கபாப் ஆகணுமா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ. அம்மான்காரன் கேட்டா, எங்க அம்மாவை வறுத்துத்தான் படம் பண்ணேன்னு சொல்லு."

பம்பை மூழ்கவைக்க அம்பா ஜாடி ஒன்று கிடைத்தது.* சோப்பு, எலுமிச்சை, சாம்பல் எதற்கும் அதன் வாசனை அசையவில்லை. தண்ணீர் சூடேறினால் அறையே மாங்காய் மணக்கும். நிப்ராஸ் அதையும் லாபக் கணக்கில் சேர்த்தாள். "தெர்மாமீட்டர் வாங்க வேண்டாம், மூக்கு போதும்."

* அம்பா என்பது நம் மாங்காய் ஊறுகாய்தான். எப்போதோ கப்பலேறி வந்து, மஞ்சளாகி, அரபி பேசக் கற்றுக்கொண்டது.

தண்ணீர் என் பங்கு. பஸ்ராவின் குழாய்த் தண்ணீர் உப்பு, செம்பைத் தின்றுவிடும். நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். மேலாளரிடம் கேட்டு ஒரு கேன் சுத்திகரித்த தண்ணீர் வாங்கி வந்தேன். யாருக்கு என்றார். வீட்டில் ஒரு நோயாளி என்றேன். மீன்தொட்டிக் குழாய்களை நிப்ராஸ் மாட்ட, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் நான் டிஷ்யூ தாள் விரித்து, கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒரு பகல் முழுக்கக் காவல் இருந்தோம். ஒரு இடத்தில் தாள் நனைந்தது. என் வேலையில் இதைப் பார்த்தால் கை தானாகப் போகும். இறுக்கிவிட்டேன்.

தண்ணீரை ஆற வைக்கும் இடம்தான் அகப்படவில்லை. பழைய கார் ரேடியேட்டர் ஒன்றை வைத்துப் பார்த்தாள். அறைக் காற்றே அடுப்பாக இருக்கும்போது ரேடியேட்டர் என்ன செய்யும்? அன்று மாலை அவள் குளிக்கப் போனாள். ஈரத் தலையோடு வெளியே ஓடி வந்தாள்.

"எனக்கு எதுக்கு ரேடியேட்டர்? வீட்டுல எண்பது லிட்டர் குளிர்ந்த தண்ணி சும்மா கிடக்கு!"

பழைய ஏசியின் செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றினாள். கீசரின் மேல்மூடியைக் கழற்றிச் சுருளை உள்ளே இறக்கினாள். குளியலறை ஜன்னல் வழியாகக் குழாயைத் தன் அறைக்குக் கொண்டுபோனாள். வியாழன் மாலை கணினியை முடுக்கினாள். பத்து நிமிடம் தாண்டியது. ஒரு மணி நேரம் தாண்டியது. நிப்ராஸ் ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கே பெருமையாக இருந்தது.

சில்லின் சூடு கீசருக்குப் போகிறது என்றால், கீசரின் குளிர்ச்சி எங்கே போகிறது என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. வெள்ளி மதியம் அபூ லைத் யோசித்துச் சொன்னார், துண்டோடு.

4

"முப்பது வருஷம் துறைமுகத்துல இழுவைப் படகு ஓட்டினவன் நான்," என்றார் அவர், கூடத்தின் நடுவில் சொட்டச் சொட்ட நின்று. "ஒரு டப்பாவுக்காக நான் குளிக்காம இருக்கணுமா?"

"டப்பா இல்ல பாபா, கம்ப்யூட்டர்."

"என் குளியலைத் தின்னா அது டப்பாதான்."

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. அப்புறம் நீங்க உள்ளேயே குடியிருக்கலாம்."

"அதுக்குள்ள நான் நாறிப் போவேன்."

"இப்ப மட்டும்?" என்றாள் உம்மு லைத். வழக்கு அத்தோடு முடிந்தது. தீர்ப்பையும் அவளே சொன்னாள்: சனி மாலை வரை யாரும் சிவப்புக் குழாயைத் தொடக் கூடாது. தொட்டால் மாடித் தொட்டியின் கொதிநீர் கீசருக்குள் இறங்கும், பெண்ணின் வேலை போய்விடும். அபூ லைத் ஏசிக்கு அடியில் போய்ப் படுத்தவர் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தார்.

5

லைத்தை இந்தக் கதைக்குள் விட எனக்கு மனமில்லை. கதை நன்றாக ஓடும்போது வெளிநாட்டிலிருந்து அண்ணன் வந்து இறங்குவது எழுத்தாளரின் சோம்பேறித்தனம். அவனுக்குப் பதிலாகப் பூனை, பல்லி, பக்கத்து வீட்டுக்காரி என்று என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். எதுவும் ஸ்விட்ச் போடாது. அவன் நிஜமாகவே வந்தான். நான் என்ன செய்ய?

சனி மதியம், ஸ்வீடனின் மால்மோவிலிருந்து, பதினான்கு வருடம் கழித்து. பெட்டி நிறைய சாக்லேட், எல்லாம் குழம்பாகியிருந்தது. உம்மு லைத் அழுதாள், முத்தமிட்டாள், அவன் இளைத்துவிட்டான் என்றாள் (இளைக்கவில்லை), பிறகு தன் தீர்ப்பைத் தானே கிழித்துப் போட்டாள்.

"என் புள்ள இவ்வளவு தூரம் வந்திருக்கான், குளிக்காம உக்காருவானா?"

"அஞ்சு நிமிஷம்தான் யும்மா," என்றாள் நிப்ராஸ். படத்தில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்திருந்தது. அவளும் அண்ணனைப் பார்த்துக் கரைந்துபோயிருந்தாள்.

எந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சோற்றை வாயால் சாப்பிடு என்று யாராவது சொல்வார்களா? லைத் நீலக் குழாயைத் திறந்தான். கை வெந்தது. யாரோ கீசரை அணைக்க மறந்துவிட்டார்கள் என்று அறிவாளியாக முடிவு செய்தான். துண்டோடு வெளியே வந்தான். கதவருகே இருந்த ஸ்விட்சை "அணைத்தான்". மே மாதத்திலிருந்து அணைந்தே கிடக்கும் ஸ்விட்ச் அது. அதன் சிவப்பு விளக்கு எரிந்து எத்தனையோ வருடமாகிறது. தண்ணீர் ஆறட்டும் என்று கட்டிலில் சாய்ந்தவன், பயணக் களைப்பில் தூங்கிப்போனான்.

(இந்த இடத்தை நிப்ராஸுக்கு வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். "அவனை முட்டாளா எழுதாதே," என்றாள். "முட்டாள்னு எங்கேயும் எழுதலையே." "அறிவாளின்னு எழுதியிருக்கியே, அதான்.")

6

முதலில் வந்தது வாசனை. கூடத்தில் படுத்திருந்த அபூ லைத் எழுந்து உட்கார்ந்து, "சாப்பாடு ரெடியா?" என்றார். நிப்ராஸ் முகம் வெளுத்து அறைக்கு ஓடினாள். ஜாடியைத் தொட முடியவில்லை. குளியலறைக்கு ஓடினாள். கீசரையும் தொட முடியவில்லை.

"கீசரை யாரு போட்டது?"

லைத் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். "போடலையே. நான்தான் அணைச்சேன்."

"அணைச்சியா?"

"தண்ணி கொதிச்சுது..."

உம்மு லைத்தான் மெதுவாகக் கேட்டாள்: "டேய், சிவப்புக் குழாயையா மறந்துட்டே?"

அவள் திட்டியிருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவன் முகம் விழுந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தெருப் பெயர்கள், பக்கத்து வீட்டார் பெயர்கள் எல்லாவற்றையும் வந்ததிலிருந்து பெருமையாக ஒப்பித்துக்கொண்டிருந்தவன் அவன். "மறந்துட்டேன் யும்மா," என்றான். பிறகு ஸ்விட்சை நிஜமாகவே அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய், கீசருக்குள் கையை விட்டு, கொதிக்கும் சுருளைத் துணியால் பிடித்து வெளியே தூக்கினான். "இதை எங்க வைக்கணும்? சீக்கிரம் சொல்லு, கை போகுது!"

அப்போதுதான் அபூ லைத் வீட்டில் இல்லை என்பதைக் கவனித்தோம். பிறகு வாசலில் கார் நின்றது. சாக்கில் சுற்றிய முழு ஐஸ் பாளத்தைத் தோளில் சுமந்து, முதுகெல்லாம் ஒழுக, அவர் உள்ளே வந்தார். துணி அலசும் டப்பை நிப்ராஸின் அறைக்கு இழுத்துவந்து, அதில் போட்டுச் சுத்தியலால் உடைத்தார்.

"பாபா..." என்றாள் நிப்ராஸ்.

"பேசாதே. டப்பா செத்துடப் போகுது. சுருளை இதுல போடு."

சூடு இறங்கியது. எல்லோரும் மூச்சு விட்டோம். அரசாங்க மின்சாரம் அந்த நேரம் பார்த்துப் போனது.

கணினியோடு இருந்த சின்ன யுபிஎஸ் பேட்டரி கீச்சிட்டு அதைக் காப்பாற்றியது. தெரு ஜெனரேட்டர் உறுமியது. அதன் மின்சாரத்தில் ஏசியும் கணினியும் பம்பும் சேர்ந்து ஓடினால் வீட்டு பிரேக்கர் விழும். எல்லோருக்கும் அது தெரியும். அபூ லைத் எழுந்து ஏசியை அணைத்தார். உம்மு லைத் ஃபிரிட்ஜை அணைத்தாள். மின்விசிறியை லைத். விளக்கை நான். வெளியே ஐம்பது டிகிரி. ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். ஐந்து பேரும் நிப்ராஸின் அறையில் தரையில் நெருங்கி உட்கார்ந்தோம். அந்த வீட்டிலேயே குளிர்ச்சியாக இருந்தது அந்தச் சில்லு ஒன்றுதான்.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் அபூ லைத்.

"தொண்ணூத்தாறு சதவீதம், பாபா."

"ம்."

7

இனி முடிவு. ஒன்று: படம் முடிகிறது, அம்மான் வேலை தருகிறது, அபூ லைத் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். இரண்டு: ஐஸ் உருகுகிறது, திரை கறுக்கிறது, ஞாயிறு காலை நிப்ராஸ் தட்டை எடுக்கிறாள். மூன்றாவதாக லைத் மால்மோவில் அவளுக்கு வேலை பார்த்து... இல்லை, இவ்வளவு தூரம் வந்த பிறகு அவளை நாடு கடத்த என்னால் முடியாது.

நிப்ராஸிடமே கேட்டேன்.

"நீ முடிவு எழுதாதே," என்றாள். "நீ நர்ஸ். எல்லாரையும் பிழைக்க வெச்சுடுவே. அப்புறம் யாரும் நம்ப மாட்டாங்க."

அதனால் தொண்ணூற்றாறிலேயே நிறுத்துகிறேன். நடந்தது எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. நூறாக்குவதும் அணைப்பதும் உங்கள் கையில். நிதானமாக யோசியுங்கள் என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நீங்கள் சொல்லும்வரை அந்தக் கிழவர் ஏசியைப் போட மாட்டார், உம்மு லைத் எழுந்து போக மாட்டாள், லைத் வெந்த கையை டப்பிலிருந்து எடுக்காமல் ஐஸைச் சுருள் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பான். சட்டென்று ஒன்றைச் சொல்லுங்கள். அவர்களுக்கு வியர்க்கிறது.