இருபத்தெட்டு டிகிரி

சேந்தமங்கலத்துக்குத் தெற்கே, நாலு பக்கமும் அடைத்துக் கட்டிய இரண்டு கோழி ஷெட்டுகள். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் முட்டைக்கோழி. பெரிய விசிறிகள் சுற்றினால்தான் அவற்றுக்கு மூச்சு. எத்தனை விசிறி எப்போது சுற்ற வேண்டும் என்பதை ஷெட்டுக்கு ஒன்றாக இருந்த கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது.

மேனேஜராக வந்து இரண்டு மாதமே ஆன ஜெயபிரகாஷுக்கு அவற்றிலிருந்த பழைய சிஸ்டம் பிடிக்கவில்லை. அதற்கே புதிதாக வருகிற, இன்னும் வேலை முடியாத, தினமும் மாறிக்கொண்டே இருக்கிற டெவலப்மென்ட் வெர்ஷனைப் போட்டால் போனிலேயே எல்லாவற்றையும் பார்க்கலாம் என்று எங்கோ படித்திருந்தான். கம்ப்யூட்டர்களை அமைத்துக் கொடுத்த ரஞ்சனியைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அது அரை வேக்காடுங்க," என்றாள் அவள். "முதல்ல உங்க சொந்த லேப்டாப்புல போட்டு அழுவுங்க. அப்பவும் ஆசை தீரலைன்னா ஒரே ஒரு ஷெட்டுல போடுங்க. பழசுல எந்தெந்தப் புரோகிராமைத் தூக்கப்போறேன்னு அது ஒரு பட்டியல் காட்டும். எல்லாரும் படிக்காமயே சரின்னு தட்டிருவாங்க. நீங்க படிங்க. போட்டதுக்கப்புறம் ஒரு வாரம் ஷெட்டுக்குள்ளயே கட்டிலைப் போட்டுக்கங்க."

"கட்டிலா? நா என்ன கோழியாங்க?"

"கோழி பாத்துத்தானுங்க கொத்தும். நீங்க பாக்காம தட்டுவீங்க."

அவன் சிரித்தான். லேப்டாப்பில் போட்டான், மூன்று வாரம் ஒரு தொந்தரவும் இல்லை. லேப்டாப்பில் சூடு பார்க்கும் சென்சாரும் இல்லை, விசிறியும் இல்லை என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

மே மாதத்து ஞாயிறு காலை, இரண்டு ஷெட்டிலும் ஒன்றாகவே போட்டான். தூக்கப்போகிறவற்றின் பட்டியல் நீளமாக ஓடியது; சூடு பார்க்கும் சென்சாருக்கான புரோகிராமும் அதில் இருந்தது. சரி என்று தட்டினான். போனில் இரண்டு ஷெட்டும் இருபத்தெட்டு டிகிரி என்று பச்சையில் வந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நண்பன் வீட்டு விருந்துக்குக் கிளம்பிவிட்டான்.

பண்ணையில் சென்றாயன் மட்டும் இருந்தார். பன்னிரண்டு வருஷமாக அங்கே எரு அள்ளுகிறவர். மதியம் முதல் ஷெட்டின் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. எட்டு விசிறியில் இரண்டுதான் சுற்றின. கோழிகள் றெக்கையை அகட்டி, வாயைப் பிளந்து நின்றன. ஒன்றுகூடக் கத்தவில்லை.

போனைப் போட்டார். "சாமி, கோழியெல்லாம் வாயைப் பொளக்குதுங்க. ரெண்டு பேன்தான் ஓடுது."

"இருபத்தெட்டுன்னுதானுங்கண்ணா காட்டுது."

"ஏனுங்க, இங்க என் சட்டையைப் புழிஞ்சா ஒரு சொம்பு வரும். இருபத்தெட்டுங்கறீங்க?"

ஜெயபிரகாஷ் போனில் காலையிலிருந்து பதிவான சூட்டுக் கணக்கைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "எட்டு மணியிலிருந்து அதே இருபத்தெட்டு. மாறவேயில்லீங்கண்ணா... சென்சார் வேலை செய்யல, ரெண்டு பேனே போதும்னு அது நெனச்சுக்கிட்டிருக்குது. செவுத்துப் பெட்டியில செகப்புப் பிடி இருக்கும். கீழ இழுங்க. கம்ப்யூட்டர் இல்லாமயே ஓடும்."

இழுத்தார். எட்டும் உறுமிக்கொண்டு கிளம்பின. முன்வரிசைக் கூண்டுகளில் தலைகள் அசைந்தன.

"ஓடுதுங்களா?"

"ஓடுது. முன்னாடி இருக்கறது பொழைச்சுக்கும். பின்னாடியெல்லாம் சாஞ்சிருச்சு."

"அண்ணா, ரெண்டாவது ஷெட்டுலயும் அதையேதான் போட்டிருக்கறனுங்க."

சென்றாயன் ஓடினார். இருநூறு அடிதான் இருக்கும். செருப்பு பாதியிலேயே கழன்றுவிட்டது. தகரக் கதவின் தாழ்ப்பாள் கையைச் சுட்டது. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பிடியை இழுத்தார். எட்டு விசிறியும் சுற்றின. காற்றில் இறகுகள் எழும்பிப் பறந்தன. வேறெதுவும் அசையவில்லை. அந்தக் கடைசி வரை நடந்து போய்த் திரும்பி வந்தார்.

போனில் ஜெயபிரகாஷ் இன்னும் இருந்தான். "இதோ வாரனுங்க. ஒரு மணி நேரத்துல வந்துருவேன்."

"வாங்க," என்றார் சென்றாயன். "வாரப்ப பொக்லைனுக்குச் சொல்லிட்டு வாங்க. இத்தனைக்கும் மம்பட்டியில குழி வெட்டி முடியாது."