‘இமேஜ்’ என்றது கணினி

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஓர் அரசாங்க இணையப் பக்கம் திறக்குமா திறக்காதா என்று காத்திருந்த நேரத்தில் முதல் வரியை எழுதினேன்: ‘தொண்ணூற்றொன்பதில் மலாக்கா மாநிலம் கணினி யுகத்தை நோக்கி...’

வேண்டாம். நீங்கள் ஓடிவிடுவீர்கள். நிர்மலாதேவியிலிருந்து தொடங்குகிறேன்.

2

நிர்மலாதேவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. மலாக்கா டவுனில் ஓர் அரசு அலுவலகத்தின் டெலிபோன் ஆபரேட்டர். திரையிலுள்ள எழுத்தை வாசித்துக்காட்டும் கணினி ஒன்று அவளிடம் இருந்தது. [அது மலாயை வெள்ளைக்காரன் மாதிரி உச்சரித்தது. பழகிக்கொண்டாள்.]

அந்த வாரம் செலண்டார் பக்கம் பெரிய தண்ணீர்க் குழாய் உடைந்தது. எந்தத் தோட்டத்துக்கு எப்போது தண்ணீர் லாரி வரும் என்பதைப் புது இணையப் பக்கத்தில் போட்டார்கள். திறந்தாள். “இமேஜ்” என்றது கணினி. மறுபடி தட்டினாள். “இமேஜ்.”

போன் அடித்தது. செலண்டாரிலிருந்து வேலாயி. மாமியார் படுத்த படுக்கை, வீட்டில் ஒரு வாளித் தண்ணீர்தான் மிச்சம். லாரி வரும் நேரம் தெரிந்தால் கங்காணியிடம் சொல்லிவிட்டு வந்து பிடிப்பாளாம்.

அந்த அம்மாவைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தை உருவாக்கிய ஆண்ட்ரூவிடம் கேட்டாள் நிர்மலா. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று அதிகாரி கணேசமூர்த்தி சொன்னதால் அட்டவணையைப் படமாக்கிவிட்டதாகச் சொன்னான். படத்தை அவள் கணினியால் வாசிக்க முடியாது. கணேசமூர்த்தியோ, யாரையாவது வாசிக்கச் சொல்லேன், இதற்கெல்லாமா என்னிடம் வருவது என்று எரிந்து விழுந்தார்.

[இவரை வில்லனாக்கப் பார்த்தேன். ஆகமாட்டேன் என்கிறார். வேலை அதிகம், அவ்வளவுதான்.]

3

நிர்மலா தன் நாற்காலிக்குத் திரும்பினாள். வேலாயியின் அழைப்பைக் கணேசமூர்த்தியின் அறைக்கே இணைத்தாள். அடுத்ததையும். அதற்கு அடுத்ததையும். மத்தியானத்துக்குள் தொண்டை கட்டிப்போய் அவரே வந்து நின்றார்.

“எல்லாக் காலும் எனக்கே ஏம்மா வருது?”

“படத்தப் பாக்க உங்களால முடியுது சார். எழுத்தா போட்டுக் குடுங்க, நானே சொல்லிடுறேன்லா.”

அவர் ஆண்ட்ரூவைக் கூப்பிட்டார். சாயங்காலம் அட்டவணை எழுத்தாக வந்தது; கணினி ‘செலண்டார்’ என்பதைக் கடித்துத் துப்பியது. நிர்மலாவுக்கு அது போதுமாயிருந்தது. வேலாயிக்கும் தண்ணீர் கிடைத்துவிட்டது.

4

இங்கேயே முடித்திருக்கலாம்.

முதல் முடிவு: கணேசமூர்த்தி மன்னிப்புக் கேட்கிறார். எழுதிப் பார்த்தேன். அவர் வாயில் அந்த வார்த்தை ஒட்டவில்லை. இரண்டாவது: நிர்மலாவுக்கு மாற்றல் உத்தரவு வந்து அவள்... இல்லை, எனக்கு மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மறுவாரம் புது அறிவிப்பு வந்தது. மறுபடியும் படம். இந்த முறை கண்சிமிட்டுகிற படம்.

லூபோக் சீனா என்ற ஊரிலிருந்து யாரோ அழைக்கிறார்கள். நிர்மலாவின் விரல் பொத்தானின்மேல் இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. யாருக்கு இணைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.