பத்துக்குக் கீழே இறங்காத ஸ்லைடர்

பஸ் டிப்போவின் மாடி அறையில் பதினோரு வருடமாக நேர அட்டவணை போடுகிறவனை எல்லோரும் டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். வரைபடம் போடுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் திங்கட்கிழமைக் கூட்டம் என்றால் அவனுக்கு ஆகாது. பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் விடுகிறோமே, பதினொன்று என்றால் எப்படி இருக்கும் என்பார் மேனேஜர். அதற்குப் புதிதாக வரைபடம் போட்டுக்கொண்டு அடுத்த வாரம் போனால், பதின்மூன்று என்றால் என்பார்.

அந்த அறைக்கே அவன் அண்ணி புரோகிராமராக வந்து சேர்ந்தாள். எட்டு வருடம் வேலையை விட்டிருந்தவள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே படித்துத் தேர்வு எழுதி வந்திருந்தாள். முதல் நாள் அவளை அண்ணி என்பதா மேடம் என்பதா என்று தெரியாமல், அவன் காலையிலிருந்து மாலைவரை எதுவும் சொல்லாமலே ஒப்பேற்றினான்.

இரண்டாவது வாரம் அவனுடைய வரைபடம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். இரண்டு நாள் மதியம் வரை ஆளையே காணவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரில் காட்டினாள். அதே படம்தான். காலை நேரத்தில் பஸ்ஸில் ஏற இடமில்லாமல் நிறுத்தத்திலேயே நின்றுவிடுகிறவர்களின் கணக்கு. புதிதாக அடியில் ஒரு நீளக் கோடும் அதன்மேல் ஒரு வட்டப் பொட்டும் இருந்தன. ஸ்லைடர் என்றாள். பொட்டு பன்னிரண்டு நிமிடத்தில் நின்றது. அதை மவுஸால் பிடித்துப் பதினொன்றுக்கு இழுத்தாள். மேலே மலைபோல் எழும்பியிருந்த வளைவு மெல்லத் தணிந்தது. அவன் பொட்டைப் பதினைந்துக்குத் தள்ளிப் பார்த்தான். வளைவு கிடுகிடுவென்று ஏறியது. ஒரு வார வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டதைப் பார்த்து அவனுக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு கையை எடுக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தும் இழுத்துக்கொண்டே இருந்தான்.

திங்கட்கிழமை மேனேஜருக்கும் அதே கதிதான். பதினொன்று வைத்தார், பத்து வைத்தார். வளைவு ஏறக்குறையத் தரையைத் தொட்டது. உற்சாகத்தில் ஒன்பதுக்கு இழுத்தார். பொட்டு பத்திலேயே நின்றது. மறுபடி இழுத்தார். அசையவில்லை.

பழுதா என்று அவர் கேட்டார். டைம்டேபிள் அண்ணியைப் பார்த்தான். அவள் நிதானமாக இருந்தாள்.

"பழுது இல்ல சார். பத்துக்குக் கீழ போகக்கூடாதுன்னு நான்தான் எழுதியிருக்கேன்."

"ஏன்?"

"இந்த ரூட்டுக்கு ஆறு பஸ். போய்ட்டு வர அம்பத்திரண்டு நிமிஷம் ஆகுது. பத்து நிமிஷத்துக்கு ஒண்ணுன்னா ஒரு சுத்துக்கு அறுபது நிமிஷம், டிரைவருக்கு எட்டு நிமிஷம் மிஞ்சும். ஒன்பதுன்னா அம்பத்துநாலு, ரெண்டே நிமிஷம்தான் மிஞ்சும். ரெண்டு நாள் பஸ் திரும்புற கடைசி ஸ்டாப்புலயே நின்னு பார்த்தேன் சார். இறங்கி, பாத்ரூம் போய், தண்ணி குடிச்சுட்டு வர அவங்களுக்கு ஏழு நிமிஷம் ஆகுது."

டிரைவர்கள் சார்பில் வந்திருந்த மூத்த டிரைவர் அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்காலியைத் திரைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். பதினோரு வருடத்தில் தான் போட்ட வரைபடங்களில் டிரைவர் என்று ஓர் ஆள் இருந்ததே இல்லை என்பது டைம்டேபிளுக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணியோ ஒரே ஒரு எண்ணில் அவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துவிட்டாள்.

மேனேஜர் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்பது வேண்டுமானால் இன்னொரு பஸ் கேட்டு எழுத வேண்டும், அதுவரை பத்து என்று முடித்தார். அடுத்த வாரமே பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடத் தொடங்கியது. காலையில் ஏற இடமில்லாமல் நிறுத்தத்தில் நின்றுவிடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் முடிந்து படியிறங்கும்போதே அவன் கேட்டிருந்தான்: "அண்ணி, மத்த ரூட்டுக்கும் இப்படிப் பண்ணலாமா? நின்னு பார்க்க நானும் வரேன்."

ஆபீஸ் என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவள் சிரித்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கிளம்பணும். எழுந்துடுவீங்களா?"

மறுநாள் ஐந்தரைக்கே அவன் தயாராகி அண்ணன் வீட்டு வாசலில் நின்றான்.