யாரும் கேட்காத சான்றிதழ்

கல்யாணராமன் இரண்டு தாள்களையும் மேசைமேல் அருகருகே வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு விரலை ஊன்றிக்கொண்டார். ஹெப்சிபா எதிரே நின்றிருந்தாள்.

காளவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த மிஷன் பள்ளிகளின் நிர்வாக அலுவலகம். மேலூர் பக்கம் அவர்களுடைய அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றுக்குக் கணித ஆசிரியையாக அவளைத் தேர்ந்தெடுத்தாகிவிட்டது. தகுதித் தேர்வை மூன்றாம் முறை எழுதித் தேறியவள். வயது முப்பத்தாறு. இன்னொரு வாய்ப்பு வருமென்று அவளும் நம்பவில்லை, வீட்டிலும் நம்பவில்லை. சான்றிதழ் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. கல்யாணராமன் கல்வித் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். துறைக்குப் போகிற கோப்பு திரும்பி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே நிர்வாகம் அவரை வைத்திருந்தது.

"ஏம்மா, இந்த எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை யாரு வைக்கச் சொன்னா? நாங்க கேட்ட லிஸ்ட்லயே இல்லையே."

"இருந்தா நல்லதுன்னு நெனச்சேன் சார்."

"வில்லாபுரத்துல பிரைவேட் ஸ்கூல். ரெண்டாயிரத்துப் பதினெட்டு ஜூன்லேர்ந்து முழுநேர ஆசிரியை. பேஷ். இதோ பி.எட். அதே பதினெட்டுலேர்ந்து இருபது வரைக்கும் ரெகுலர். தினம் காலேஜுக்குப் போயிருக்கேள். தினம் ஸ்கூலுக்கும் போயிருக்கேள். ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கறது உங்க ஆண்டவரால முடியும். உங்களால எப்படிம்மா முடிஞ்சது?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

எப்படி முடிந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பைபாஸைத் தாண்டி, பொட்டல் நடுவே நின்ற அந்தக் கல்லூரிக்குச் சனிக்கிழமை மட்டும் போனால் போதும். வருகைப் பதிவேடு தன்னால் நிரம்பிக்கொள்ளும். கற்பித்தல் பயிற்சியை அவரவர் வேலை பார்க்கிற பள்ளியிலேயே முடித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டுகளைக்கூட ஆள் வைத்து எழுதினார்கள். ஹெப்சிபா ஒருத்திதான் பாடத்திட்டம் முழுவதையும் தன் கையாலேயே எழுதி, எழுதியபடியே போய் வகுப்பும் எடுத்தாள். அப்படி நடத்திய இரண்டு வருடத்தை விட மனமில்லாமல்தான் சான்றிதழில் சேர்க்கச் சொன்னாள்.

"ரெண்டுல ஒண்ணு பொய்" என்றார் கல்யாணராமன். குரலைத் தணித்துக்கொண்டார். "பி.எட். பொய்னா வேலை போச்சு. சர்வீஸ் பொய்னா ஒரு விளக்கக் கடிதத்தோட போச்சு. வெளியில பெஞ்சு இருக்கு. நிதானமா யோசிச்சு எழுதிண்டு வாங்கோ."

வராந்தாவுக்கு வந்து, வில்லாபுரம் பள்ளியின் எழுத்தர் அழகுபாண்டிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தேதியில மாட்டிக்கிட்டேன்ணே."

"நான் அப்பவே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல தாயி? பி.எட். முடிச்ச பொறவு உள்ளதை மட்டும் போடுறேன்னு. நீதான் 'ஒழைச்சதை ஏண்ணே விடணும்'னு வக்கணையாப் பேசுன."

"இப்ப என்னண்ணே செய்ய?"

"இருபதுக்குப் பதிலா பதினெட்டுன்னு கிளார்க் தப்பா அடிச்சுட்டான்னு எழுது. பழிய எம்மேல போடு. எனக்கென்ன பிரமோஷனா போகப் போகுது? தப்பில்லாத ஒரு சர்டிபிகேட்ட இப்பவே அடிச்சுப் போன்ல அனுப்புறேன். அழுதுக்கிட்டு நிக்காம எழுது."

ஹெப்சிபா பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்து, தாளை மடித்து ஓரம் விட்டாள். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் அதனதன் இடத்தில் அமைந்தன. 'ஐயா' என்று எழுதிக் காற்புள்ளி வைத்த பிறகு பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு எழுதினாள்: '2018 ஜூன் முதல் 2020 ஏப்ரல் முடிய நான் மேற்படி பள்ளியில் பணிபுரியவில்லை எனவும், தட்டச்சுப் பிழையால் அவ்வாறு குறிப்பிடப்பட்டுள்ளது எனவும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. தேதி, இடம், கையெழுத்து.

கல்யாணராமன் கடிதத்தை வாங்கி இரண்டு வரி படித்திருப்பார்.

"டீச்சர்!"

அறையே திரும்பிப் பார்த்தது. நீலச் சுடிதார் போட்ட ஒரு பெண் ஃபைலோடு ஓடி வந்து ஹெப்சிபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் தெரியுதா டீச்சர்? ஆஷ்லின். லிஸ்ட்ல உங்க பேரைப் பாத்தேன். நீங்க போற மேலூர் ஸ்கூல்லதான் எனக்கும் சயின்ஸ் போஸ்டிங்! சார், வில்லாபுரத்துல டென்த்ல எனக்கு மேத்ஸ் எடுத்தது இவங்கதான். எத்தனை தடவ தப்பாப் போட்டாலும் திட்டவே மாட்டாங்க. 'அழிச்சுட்டு இன்னொருக்கப் போடு'ன்னுதான் சொல்லுவாங்க. இவங்க மட்டும் இல்லன்னா நான் கணக்குல அவுட்டு சார்."

கல்யாணராமன் கையை நீட்டினார். ஆஷ்லினின் ஃபைலை வாங்கிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை உருவி எடுத்தார். மார்ச் 2019. அதைப் பார்த்தார். கையிலிருந்த கடிதத்தையும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்கு நீங்க பாடம் எடுத்தேளாம்மா?"

அவர் மெதுவாகத்தான் கேட்டார். எது சொன்னாலும் எழுதிக்கொண்டு போகத் தயாராக இருப்பவர் போல இருந்தது குரல்.

ஹெப்சிபா கையை விடுவித்துக்கொண்டாள். "இல்ல சார்."

ஆஷ்லின் சிரித்தாள். "வெளையாடாதீங்க டீச்சர். டென்த் பி. ஜன்னலோரம் ரெண்டாவது பெஞ்சு. எங்கப்பா இறந்தப்போ நீங்க வீட்டுக்கே வந்தீங்க."

"நான் அந்த ஸ்கூலுக்கு வந்ததே இருபதுலதாம்மா. நீ வேற யாரையோ சொல்ற."

சிரிப்பு அந்தப் பெண்ணின் முகத்தில் சற்று நேரம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனது. கல்யாணராமன் கையிலிருந்த கடிதத்தின் பக்கம் அவள் பார்வை போயிற்றா, இல்லையா என்று ஹெப்சிபாவுக்குத் தெரியவில்லை. குனிந்த தலையை ஹெப்சிபா நிமிர்த்தவில்லை.

"சாரி மேடம்" என்றாள் ஆஷ்லின். "ஆள் மாறிப்போச்சு."

கல்யாணராமன் கடிதத்தைக் கோப்பில் சேர்த்து, முத்திரையை எடுத்து இரண்டு கோப்புகளிலும் குத்தினார். "ரெண்டு பேரும் திங்கட்கிழமை ஜாயின் பண்ணிக்கலாம்."

நியமன ஆணையை வாங்கிக்கொண்டு ஹெப்சிபா வெளியே வந்தாள். காளவாசலில் வெயில் ஏறி, பஸ்களும் ஆட்டோக்களும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நிறுத்தத்தில் ஆஷ்லின் முன்பே நின்றிருந்தாள். பெரியார் நிலையம் போகிற பஸ் வந்தது. உள்ளே இடம் நிறையவே இருந்தது.

ஹெப்சிபா படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏறும்மா. பெரியார்தானே?"

"இருக்கட்டும் மேடம். நீங்க போங்க" என்றாள் அவள் மரியாதையாக. "நான் அடுத்ததுல வாரேன்."